ஒருவர் கையில் நெதரைட், ஒருவர் கையில் மரக்கோடரி: சர்வர் அட்மினுக்கு ஒரு பழுதுபார்ப்புக் கையேடு

மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு சர்வைவல் (பொருள் சேர்த்து, வீடு கட்டி, உயிர் பிழைக்கும் முறை) சர்வர் ஒன்றை நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். வைட்லிஸ்டில், அதாவது உள்ளே வர அனுமதி பெற்ற பட்டியலில், முப்பது சொச்சம் பேர். மாலையில் ஆறேழு பேர் இருந்தால் நல்ல நாள். இவர்களில் நாலு பேர் வெறி பிடித்து ஆடுகிறவர்கள். மற்றவர்கள் வேலை, பரீட்சை, குழந்தை எல்லாம் போக மிச்ச நேரத்தில் எட்டிப் பார்ப்பவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் வரும் சண்டை ஒவ்வொரு சீசனிலும் (புது உலகத்தோடு தொடங்கும் சுற்று) அச்சு மாறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் தட்டி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இதில் ஹார்ட்கோர் என்று நான் சொல்வது வெறி பிடித்து ஆடும் ஆளை. செத்தால் உலகமே போய்விடுமே, அந்த மோடை அல்ல. எங்கள் சர்வர் ஓடுவது பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில். பிளக்இன் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சிறு நிரல்) பற்றிச் சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

## எதையும் தொடுவதற்கு முன்: மணிக்கணக்கு

எந்தப் புகார் வந்தாலும் முதல் வேலை இதுதான். உலகத்தின் ஃபோல்டருக்குள் ஸ்டாட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஆளுக்கு ஒரு ஃபைல். அதில் பிளே டைம் என்ற எண் டிக் கணக்கில் இருக்கும். ஒரு நொடிக்கு 20 டிக், ஆகவே 72,000-ஆல் வகுத்தால் மணி வந்துவிடும். எல்லோருடையதையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

"அவருக்கு ஆடவே தெரியலை", "இவன் ஏதோ சீட் பண்றான்" என்று வருவதில் பாதி இந்தத் தாளைப் பார்த்ததும் அடங்கிவிடும். எங்கள் சர்வரில் முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். திறமை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் மணிக்கணக்கு.

- மணி எக்கச்சக்கமாக வேறுபடுகிறது என்றால் கீழே அறிகுறியைப் பார்த்துப் போங்கள்.
- மணி கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஒருவரிடம் மட்டும் டயமண்ட் குவிகிறது என்றால் நேராக எக்ஸ்ரே (கல்லுக்குள் இருப்பதைப் பார்க்கும் ஏமாற்று) பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: புதிதாக வந்தவர் இரண்டு நாளில் காணாமல் போகிறார்

### ஸ்பான் பக்கத்தில் ஒன்றும் மிச்சம் இல்லை

ஸ்பான், அதாவது புதியவர் முதலில் தோன்றும் இடம், மொட்டையாகக் கிடப்பது: பத்தில் ஏழு தடவை இதுதான். செலவில்லாமல் சரியாகக்கூடியதும் இதுதான்.

சோதிக்கும் வழி: புது கணக்கில், வெறுங்கையோடு நீங்களே நுழையுங்கள். அட்மின் பவர் வேண்டாம். விளையாட்டின் பகல் நிஜத்தில் 10 நிமிஷம். இருட்டுவதற்குள் ஒரு கட்டில் செய்ய முடிகிறதா பாருங்கள். மூன்று கம்பளி, மூன்று பலகை, அவ்வளவுதான் தேவை. நான் முதல் தடவை இதைச் செய்தபோது ஸ்பானைச் சுற்றி ஒரு மரம் இல்லை, ஆடு இல்லை. கிரீப்பர் என்ற அரக்கன் வெடித்த பள்ளங்களும் யாரோ பாதியில் விட்ட தூண்களும்தான். எட்டாவது நிமிஷத்தில் பள்ளத்தில் விழுந்தேன். ஒன்பதாவது நிமிஷத்தில் ஸோம்பி. பழையவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எலிட்ரா என்ற இறக்கையை மாட்டிக்கொண்டு மேலேயே பறக்கிறவர்கள் கீழே எங்கே பார்க்கப் போகிறார்கள்.

சரிசெய்ய: பள்ளங்களை மூடுங்கள், மரம் நடுங்கள், வேலி போட்டு நாலு ஆடு விடுங்கள். ரொட்டிப் பெட்டி ஒன்று வையுங்கள். டயமண்ட் கவசம் இலவசமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டு அரை மணியில் போனவர்தான், திரும்பி வரவில்லை.

### வருகிற நேரத்தில் ஆளே இல்லை

லாக் ஃபைலில் அவர் வந்துபோன நேரத்தைப் பாருங்கள். காலை 6 மணிக்கு வந்தவர் யாரிடம் பேசுவார்? ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை என்று ஒரு நேரத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்தோம். கூட்டம் சேர்ந்தது.

### உலகம் பழசாகிவிட்டது

மேலே சொன்ன இரண்டும் சரியாக இருந்தும் ஆள் நிற்கவில்லை என்றால் வேறு வழியில்லை, புது சீசன். இது விலை அதிகமான வைத்தியம்; பழையவர்கள் கட்டியதெல்லாம் போகும். பழைய உலகத்தை டவுன்லோடு செய்துகொள்ளக் கொடுத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

## அறிகுறி: "நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது"

எண்ட் என்ற தனி உலகத்தில் இருக்கும் பெரிய எதிரியான எண்டர் டிராகன் விஷயத்தில்தான் இது வெடிக்கும். எங்கள் சர்வரில் வங்கி வேலையில் இருக்கும் ஒருவர் ஞாயிறு மட்டும்தான் வருவார். இரண்டாவது ஞாயிறு வந்து பார்த்தால் டிராகன் செத்துப்போய், முட்டை ஒரு கல்லூரிப் பையன் வீட்டு அலமாரியில். "தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். பையன் தவறு ஒன்றும் செய்யவில்லை. தேதி சொல்லாத தவறு என்னுடையது.

இழப்பு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாலு எண்ட் கிரிஸ்டல் வைத்தால் டிராகன் திரும்ப வரும். ஆனால் முட்டை உலகத்துக்கு ஒன்றுதான். முதல் தடவை கொன்றால் 12,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), அடுத்த தடவையிலிருந்து வெறும் 500.

- டிராகன் இன்னும் சாகவில்லை: புக்கிட் என்ற செட்டிங் ஃபைலில் எண்டை மூடி வைக்க ஒரு வரி இருக்கிறது. மூடுங்கள். திறக்கும் தேதியை இரண்டு வாரம் முன்னால் அறிவியுங்கள். முட்டையை ஸ்பானில் பொதுவில் வைப்பது என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள்.
- டிராகன் செத்துவிட்டது, எலிட்ராதான் பிரச்சினை: கீழே படியுங்கள்.

ஒரு எண்ட் கப்பலுக்கு ஒரு எலிட்ராதான். எடுத்தால் எடுத்ததுதான். பேப்பரில் பெட்டிகள் தானாக மறுபடி நிரம்பும்படி வைக்கலாம், ஆனால் எலிட்ரா பெட்டியில் இல்லை, ஐட்டம் ஃப்ரேமில் மாட்டியிருக்கிறது. அதனால் அந்த செட்டிங் எலிட்ராவுக்கு உதவாது. இது தெரியாமல் ஒரு மாதம் காத்திருந்தோம்.

மலிவான வழி, கூடுதல் எலிட்ரா வைத்திருப்பவர் பொதுக் கடையில் ஒன்று போடுவது. கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அலமாரியில் பதினைந்து வைத்துக்கொண்டு அவர்களும் என்னதான் செய்வார்கள்.

அது போதவில்லை என்றால் எண்டின் வெளிப்பகுதியை அழித்துப் புதிதாக வரவைக்கலாம். சர்வரை நிறுத்தி, பேக்கப் எடுத்து, எண்டின் நிலத்தைத் துண்டு துண்டாகச் சேமித்திருக்கும் ரீஜியன் ஃபைல்களுக்குப் போங்கள். ஒரு ஃபைல் 512 பிளாக்குக்கு 512 பிளாக். நடுத்தீவை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிடாதீர்கள். வெளித்தீவிலிருந்து திரும்பி வரும் வாசல்கள் சுமார் 1,000 பிளாக் தள்ளித்தான் நிற்கின்றன. அந்த ஃபைல் போனால் வாசலும் போச்சு. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் மூன்று ஃபைல், அதாவது 1,536 பிளாக் வரை, அப்படியே இருக்கட்டும். அதற்கு வெளியே உள்ளதை அழியுங்கள். அங்கே யாராவது வீடு கட்டியிருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: கடையில் விலை ஏறி, ஒரே ஆள் பணக்காரர் ஆகிவிட்டார்

மெண்டிங் (எக்ஸ்பியால் கருவியைச் சரிசெய்யும் மந்திரம்) புத்தகத்துக்கு 30 டயமண்ட் என்று போர்டு. எழுதியவரிடம் வில்லேஜர் ஹால், அதாவது வியாபாரம் செய்யும் ஊர்க்காரர்களை அடைத்த கூடம், இருக்கும். வேறு யாரிடமும் இருக்காது. இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்: சர்வரில் எத்தனை ஹால், யார் யார் உள்ளே போகலாம்.

அடுத்தது வெர்ஷன். 1.20.2-க்கு முன்னால் உள்ள வெர்ஷன் என்றால், வில்லேஜரை ஸோம்பி ஆக்கி, குணமாக்கி, மறுபடி ஸோம்பி ஆக்கி, ஒவ்வொரு முறையும் தள்ளுபடியை அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு எமரால்டுக்கு (வில்லேஜரிடம் செல்லும் காசு) மெண்டிங் கிடைக்கும். 1.20.2-இல் அந்தப் பெரிய தள்ளுபடி முதல் தடவைக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய வெர்ஷனில் இருந்தால் மேலே ஏற்றினாலே பாதி குறையும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஹால் கட்டியவரிடமே போய், "அண்ணா, இதே மாதிரி ஸ்பான் பக்கத்தில் எல்லோருக்கும் ஒன்று கட்டித் தர முடியுமா? மெட்டீரியல் நாங்கள் சேர்த்துத் தருகிறோம்" என்று கேட்பது. எங்கள் ஆள் மூன்று ராத்திரியில் கட்டி முடித்தார், மேலே கண்ணாடிக் கூரையோடு. வாசலில் அவர் பெயர் போட்ட பலகை. விலை தானாக விழுந்தது. அவரே தன் கடையை மூடிவிட்டு ரயில் பாதை போட ஆரம்பித்தார்.

அட்மின் கடை திறந்து எல்லாவற்றையும் நிர்ணய விலைக்கு விற்பது கடைசி வழி. அதைத் திறந்த அன்றே ஆட்கள் ஒருவரோடொருவர் வியாபாரம் செய்வது நின்றுபோகும்.

## அறிகுறி: எப்போதாவது வருகிறவர்களே எப்போதும் சாகிறார்கள்

### மொபைலில் ஆடுகிறாரா?

கெய்சர் (ஃபோன்காரர்களை ஜாவா சர்வருக்குள் விடும் பிளக்இன்) வழியாக ஃபோனில் வருகிறவர் என்றால் முதலில் அவர் அடிக்கிற விதத்தைப் பாருங்கள். ஃபோனில் உள்ள பெட்ராக் பதிப்பில் தட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு அடியும் முழு அடி. எங்கள் சர்வரின் ஜாவா பதிப்பில் 1.9 வெர்ஷனிலிருந்து அடிக்கு அடி இடைவெளி விட வேண்டும். இடைவெளி விடாமல் தட்டினால் வாள் தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான். இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. கெய்சர் செட்டிங்கில் அந்த இடைவெளியைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, "அண்ணி, ஒரு அடி அடிச்சிட்டு மனசுக்குள்ள ஒண்ணு எண்ணிட்டு அடுத்த அடி அடிங்க" என்று என் அண்ணிக்குச் சொன்னேன். அன்று சாயங்காலமே ஸ்கெலிட்டன் குகையிலிருந்து உயிரோடு வெளியே வந்தார்.

### லேக்கா?

டிபிஎஸ் (ஒரு நொடிக்கு ஓடும் டிக்) 20-ஆக இருந்து அவருக்கு மட்டும் இழுக்கிறது என்றால் கோளாறு அவர் பக்கம்: வைஃபை, ஃபோன், பிங். எல்லோருக்கும் இழுக்கிறது என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

### செத்தால் எல்லாம் போகிறது

கீழே விழுந்த பொருள், அந்த இடம் லோடு ஆகியிருக்கும் நேரக் கணக்கில் 5 நிமிஷத்தில் மறையும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்கு ஒரு லாவா குளம் என்றால் ஒரு மாத உழைப்பு. நெதரைட் (டயமண்டை விட உயர்ந்த உலோகம்) லாவாவில் எரியாது, மிதக்கும், டயமண்ட் எரிந்துபோகும். ஆக, அந்தப் பாதுகாப்பும் ஏற்கெனவே முன்னால் போய்விட்டவர்களுக்குத்தான்.

கீப் இன்வென்டரியை (செத்தாலும் பொருள் கையிலேயே இருக்கும் விதி) எல்லோருக்கும் போட்டால் ஹார்ட்கோர் ஆட்கள் "பயமே போயிடுச்சு" என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. நடுவழி, கல்லறை பிளக்இன்: செத்த இடத்தில் பொருள் ஒரு பெட்டியில் இருக்கும், எக்ஸ்பி மட்டும் போகும், போய் எடுத்துவர வேண்டும். இரண்டு வருஷமாக இதுதான் ஓடுகிறது. யாரும் முழு திருப்தி இல்லை, யாரும் சண்டை போடுவதும் இல்லை.

## அறிகுறி: எல்லோருக்கும் லேக், பழி புதியவர்கள் மேல்

சாதாரணமாகக் காரணம் எதிர்ப்பக்கம்: ஹார்ட்கோர் ஆட்களின் ஃபார்ம்கள் (பொருளைத் தானாக விளைவிக்கும் அமைப்புகள்). ஒரு டிக்குக்கு 50 மில்லி நொடி இருக்கிறது. எம்எஸ்பிடி, அதாவது ஒரு டிக்குக்கு உண்மையில் ஆகும் மில்லி நொடி, அதைத் தாண்டினால் இழுவை. ஸ்பார்க் என்ற அளக்கும் பிளக்இன்னை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள், அறிக்கையில் எது நேரத்தைத் தின்கிறது என்று பெயரோடு வரும்.

1. ஹாப்பர் (பொருளை இழுத்துக் கடத்தும் புனல்) என்று வந்தால், திறந்திருக்கும் ஒவ்வொரு ஹாப்பர் தலையிலும் ஒரு கம்போஸ்டர் (உரத்தொட்டி) வையுங்கள். மேலே விழும் பொருளைத் தேடிக்கொண்டே இருக்கும் வேலை நிற்கும்.
2. வில்லேஜர், கோழி, மாடு என்று வந்தால், ஆளுக்கு இத்தனை என்று வரம்பு. எல்லா ஃபார்முக்கும் நிறுத்த ஒரு லீவர் கட்டாயம். போகும்போது அணைத்துவிட்டுப் போக வேண்டும், ஃபேன் மாதிரி.
3. குறிப்பாக எதுவும் இல்லை, பொதுவாகவே கனம் என்றால், சிமுலேஷன் டிஸ்டன்ஸை (ஆளைச் சுற்றி உலகம் இயங்கும் தூரம்) 10-லிருந்து 6-க்குக் குறையுங்கள். வியூ டிஸ்டன்ஸை (கண்ணுக்குத் தெரியும் தூரம்) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.
4. இதற்கும் அடங்காவிட்டால் நல்ல மெஷின். ரேமைக் கூட்டி ஏமாறாதீர்கள். ஆட்டத்தின் முக்கியச் சுழற்சி ஒரே கோரில் ஓடுகிறது. அந்த ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. வாடகைக்கு சர்வர் தரும் ஒரு கம்பெனியிடம் ரேமை இரட்டிப்பாக்கி மூன்று மாதம் பணம் கட்டினேன். இழுவை அப்படியே இருந்தது.

## அறிகுறி: ராத்திரியானால் சண்டை

சிலருக்குத் தூங்க வேண்டும், சிலருக்கு ராத்திரி முழுக்க வேட்டை. 1.17-லிருந்து எத்தனை சதவீதம் பேர் தூங்கினால் விடியும் என்று கேம்ரூல் என்ற ஆட்ட விதியில் வைக்கலாம். 50 வைத்தோம். மூன்று விளையாட்டு நாள், அதாவது நிஜத்தில் ஒரு மணி நேரம், தூங்காவிட்டால் ஃபேன்டம் என்ற பறக்கும் அரக்கன் வரும் என்பதையும் சொல்லிவையுங்கள். சண்டை முடிந்தது.

## அறிகுறி: வீட்டில் திருட்டு, வாசலில் கொலை

முதலில் கோர்ப்ரொடெக்ட் என்ற பதிவு பிளக்இன்னில் பாருங்கள். எந்தப் பெட்டியை யார், எப்போது திறந்தார் என்று இருக்கும். பாதி நேரம் வீட்டுக்காரரே எடுத்து மறந்திருப்பார். திருட்டு உண்மை என்றால் நிலத்தைக் க்ளெய்ம் செய்யும் (தன்னுடையது என்று பூட்டிவைக்கும்) பிளக்இன் போடுங்கள். க்ளெய்ம் பரப்பை ஆடிய நேரத்துக்கு ஏற்றபடி கொடுக்கும் செட்டிங் இருந்தால் கவனியுங்கள், அது அதிகம் ஆடுபவருக்கே நிலத்தை அள்ளிக் கொடுக்கும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் அளவைப் பெரிதாக வையுங்கள்.

சண்டை போடப் பிடிக்கிறவர்களுக்குத் தனி உலகம் வேண்டும் என்று அடுத்து கேட்பார்கள். இது பழைய கதை. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற விளையாட்டு 2000-த்தில் உலகத்தை இரண்டாகப் பிரித்தது. ஃபெலுக்காவில் யாரும் யாரையும் வெட்டலாம், டிராமலில் சம்மதம் இல்லாமல் தொட முடியாது. ஜனம் டிராமலுக்குக் குடிபோனது. முப்பது பேர் சர்வரில் இதைச் செய்தால் ஒரு உலகம் காலியாகத்தான் கிடக்கும். அதற்குப் பதில் ஒரு சண்டை மைதானம் கட்டுங்கள், மற்ற இடத்தில் ஒருவரையொருவர் அடிக்கும் வசதியை அணைத்துவையுங்கள்.

## அறிகுறி: ஹார்ட்கோர் ஆட்களே சலித்துப் போகிறார்கள்

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் சர்வர் சாவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த நாலு பேர் போனால் மாலையில் யாரும் இருக்க மாட்டார்கள். யாரும் இல்லாத சர்வருக்கு மற்றவர்களும் வர மாட்டார்கள்.

முதலில், நீங்கள் அவர்களைத் தடுத்தீர்களா என்று பாருங்கள். ஒரு சீசனில், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடினால் ஆட்டத்து வருமானம் பாதி என்று வைத்தேன். இரண்டே வாரம். ஒருவர், "அண்ணா, நான் ஆடுறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டைச் சோதனையில் விட்டபோது இதே தப்பு நடந்திருக்கிறது: அதிக நேரம் ஆடினால் எக்ஸ்பி குறையும் என்று வைத்தார்கள், ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதையே, ஓய்வெடுத்து வந்தால் கூடுதல் எக்ஸ்பி என்று திருப்பிப் போட்டார்கள், ஏற்றுக்கொண்டார்கள். நானும் திருப்பிப் போட்டேன்: ஒவ்வொரு வாரமும் ஆளுக்கு முதல் இரண்டு மணி நேரம் இரட்டை வருமானம். ஞாயிறு மட்டும் வருகிறவருக்கு முழு நேரமும் இரட்டை. நாள் முழுக்க ஆடுபவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. போனவர் அடுத்த சீசனில் திரும்பி வந்தார்.

தடுக்கவில்லை, செய்ய வேலைதான் இல்லை என்றால், வேலை கொடுங்கள். நெதர் (நெருப்புப் பாதாள உலகம்) ரயில், பொது ஹால், அடுத்த சீசனின் ஸ்பான் ஊர். டிஃபிகல்டியை ஹார்டில் வைத்துப் பக்கத்தில் ஒரு சின்ன உலகம் திறப்பதும் நடக்கும், ஆனால் அதே மெஷினில் என்றால் எம்எஸ்பிடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எக்ஸ்ரே சந்தேகம்

கோர்ப்ரொடெக்டில் அவர் வெட்டிய டயமண்ட் கற்களின் இடத்தை வரிசையாகப் பாருங்கள். நேர்மையாகத் தோண்டுபவரின் சுரங்கம் நேராகப் போகும். எக்ஸ்ரேகாரரின் சுரங்கம் டயமண்டுக்கு டயமண்ட் வளைந்து வளைந்து போகும். பேப்பரில் எக்ஸ்ரே தடுப்பு இருக்கிறது, ஆனால் நீங்களாக இயக்க வேண்டும். இரண்டாவது மோடு வலுவானது, நெட்டுக்குச் சுமை. ஃபோன்காரர்கள் அதிகம் என்றால் முதல் மோடு போதும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

எல்லா ஃபார்மையும் அணைத்த பிறகும் எம்எஸ்பிடி 50-க்குக் கீழே வரவில்லை. ரீஜியன் ஃபைல் கெட்டு ஊரின் ஒரு துண்டு காணோம். வெளியிலிருந்து தாக்குதல் வந்து தினமும் விழுகிறது. அட்மின் கணக்கே கை மாறிவிட்டது. இந்த நாலில் ஒன்று என்றால் நீங்களாகத் தோண்டாதீர்கள், சர்வர் வேலை தெரிந்த ஒருவருக்குப் பணம் கொடுங்கள். அந்தப் பணத்துக்காகச் சக்தி வாய்ந்த வாள், கவசம் என்று ரேங்க் போட்டு விற்கவும் யோசிக்காதீர்கள். ஆட்டத்தில் அனுகூலத்தைக் காசுக்கு விற்க மைன்கிராஃப்டின் விதிகளே அனுமதிப்பதில்லை.

கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: ஸ்பார்க் அறிக்கை, பிளக்இன் பட்டியல் வெர்ஷனோடு, கோளாறு தொடங்கிய தேதி, அதற்கு முந்தின நாளின் பேக்கப். உள்ளே நுழைய அவருக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டைக் குரூப்பில் போடாதீர்கள். வேலை முடிந்த அன்று ராத்திரியே அந்தக் கணக்கை மூடிவிடுங்கள்.